கரி என்னும் சாட்சி: உருக்கின் புகையை அளந்த வரலாறும் உலையில்லாத் தீவுகளும்

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ‘இரும்பின் தொன்மை’ என்னும் ஆய்வறிக்கையை வெளியிட்டபோது ஓர் ஆண்டுக்கணக்கு நம்மிடையே பெரிதும் பேசப்பட்டது: கி.மு. 3345. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் ஈமத்தாழிகளோடு தொடர்புடைய அந்தக் காலக்கணிப்பைப் பெருமிதத்தோடு பகிர்ந்தோரும் உண்டு. ஐயத்தோடு அணுகியோரும் உண்டு. அவ்விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. அதில் பெரும்பாலோர் கடந்துபோன ஒரு செய்தியிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அங்கே இரும்புக்கு வயது சொன்னது இரும்பு அன்று. அதனோடு கிடைத்த கரி. கரித்துண்டில் எஞ்சியிருக்கும் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தே அக்காலம் கணிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் கி.மு. 2172 என்னும் கணிப்பும் அத்தகைய கரிமக் காலக்கணிப்பே.

பழந்தமிழில் ‘கரி’ என்னும் சொல்லுக்குச் சாட்சி என்றும் ஒரு பொருள் உண்டு. உலைக்கரியும் சாட்சியும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பது சொற்பிறப்பியலுக்குரிய தனிக் கேள்வி. ஒலி ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இரும்பின் வரலாற்றில் கரி மூன்று வகையில் சாட்சியாக நிற்கிறது. தாதுவை இரும்பாக்கியது அது. அந்த இரும்பின் காலத்தைச் சொல்வது அது. இன்று வளிமண்டலத்தில் சேர்ந்து, உருக்குத் தொழிலின்மேல் குற்றம் சாட்டுவதும் அதுவே. உலக அளவில் மனிதரால் வெளியாகும் கார்பன் டையாக்சைடில் 7 முதல் 9 விழுக்காடு இரும்பு, உருக்கு ஆலைகளிலிருந்து வருகிறது.

இரும்பின் தொன்மையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அதன் புகையைப் பற்றி மிகக் குறைவு. அந்தப் புகையை மனிதர் எந்தெந்த அலகால் அளந்தனர்? ஒவ்வோர் அலகும் எதைக் கணக்கில் சேர்த்தது, எதை வெளியே விட்டது? இக்கேள்விகளை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் நின்று கேட்டுப்பார்க்கிறேன். அங்கே உருக்காலை கிடையாது. இரும்பு உண்டு, பிற நிலங்களிலிருந்து வந்து சேரும் புகையும் உண்டு. உலை இல்லாத இடத்திலிருந்து பார்க்கும்போது, அளவீட்டின் வரலாறு கருவிகள் கூர்மையடைந்த கதையாக மட்டும் தோன்றுவதில்லை. கணக்கின் எல்லைக்கோட்டை யார், எங்கே போட்டார் என்ற கதையும் அதனுள் இருப்பது தெரிகிறது.

*

முதலில் அடிப்படை வேதியியல். இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்த கூட்டு. அந்தப் பிணைப்பை அவிழ்க்கக் கரி வேண்டும். உலைக்குள் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது, அது தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு கார்பன் டையாக்சைடாக வெளியேறுகிறது, எஞ்சுவது இரும்பு. ஆகவே உலையில் கரிக்கு இரட்டை வேலை: வெப்பம் தருவது ஒன்று, ஆக்சிஜனைப் பறிப்பது மற்றொன்று. ஹேமடைட் தாதுவை எடுத்துக்கொண்டால், 112 பங்கு இரும்பைப் பெறக் குறைந்தது 18 பங்கு கார்பன் செலவாகி 66 பங்கு கார்பன் டையாக்சைடு பிறக்கும். அதாவது, ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 0.6 டன். கரியால் தாதுவை உருக்கும் எந்த உலையும், எவ்வளவு திறமையாக இயங்கினாலும், இந்த அளவுக்குக் கீழே போக முடியாது.

நடைமுறையில் வெளியாவது இதைப்போலப் பல மடங்கு. ஊதுலை வழியில் ஒரு டன் உருக்குக்கு உலகச் சராசரி 2.3 டன்னை ஒட்டியிருக்கிறது. கோக் தயாரித்தல், தாதுத்தூளைக் கட்டியாக்குதல், சுண்ணாம்புக்கல்லைச் சுடுதல், காற்றைச் சூடேற்றுதல், மின்சாரம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பழைய இரும்பை மின்வில் உலையில் மறுபடி உருக்கினால் 0.7 டன் அளவில் முடிந்துவிடும். தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் வேலை அங்கே ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியும் புகையும் உண்டு: தூசி, கரித்துகள், கோக் அடுப்பின் கதவிடுக்குகளில் கசியும் தார்ப்புகை. கந்தக டையாக்சைடு போன்ற வாயுக்கள் கண்ணுக்குத் தெரியாவிடினும் மூக்குக்கும் நுரையீரலுக்கும் தெரியும். காற்று மாசு என்பது இவ்வகை. கரிம உமிழ்வு என்பது முன்னதன் வகை. நம் நாளிதழ்கள் இரண்டையும் ‘கார்பன் புகை’ என்று ஒன்றாக்கிவிடுகின்றன. ஆனால் இவை நடந்துகொள்ளும் முறை வேறு. தூசி ஆலையைச் சுற்றியுள்ள ஊரின்மேல் படிகிறது. நுண்கரித்துகள் காற்றில் ஒரு வாரம் அளவுக்கு மிதந்து கடல் கடக்கிறது. கார்பன் டையாக்சைடில் பெரும்பகுதி நூற்றாண்டுக்கணக்கில் நின்று, பிறந்த ஊரின் அடையாளம் இல்லாமல் உலகெங்கும் கலந்துவிடுகிறது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, யாருக்குத் தீங்கு என்ற விடையும் மாறும்.

*

இரும்பின் புகையை அளந்த முதல் அலகு மரம். புகையை அளக்கிறோம் என்று அப்போது யாரும் எண்ணவில்லை. எரிபொருள் எவ்வளவு என்றே எண்ணினர். ஆனால் ஒரு வண்டி கரியைக் கணக்கில் எழுதுகிறவர், தம்மையறியாமல் ஒரு வண்டி கார்பனையும் எழுதிவைக்கிறார்.

சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள் சில அடி உயர மண் உலைகளில், ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, மரக்கரியால் இரும்பெடுத்தனர். 1800–01இல் மைசூரிலிருந்து மலபார்வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இத்தகைய உலைகளை விரிவாக எழுதிவைத்தார். கொங்கின் கொடுமணலிலும் பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவலூரிலும் கிடைத்த மூசைகளும் கசடும், மூடிய மூசையில் உருக்குச் செய்யும் மரபு இங்கே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. ஐரோப்பியர் அதை ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னடம், தெலுங்கில் வழங்கும் ‘உக்கு’ என்பதன் சிதைவாகவே அச்சொல்லைப் பலர் கொள்கின்றனர். நம் ‘உருக்கு’, ‘எஃகு’ ஆகியவற்றோடு அதற்குள்ள உறவு தனிக் கட்டுரைக்குரியது.

அம்மரபை நெருங்கிப் பார்த்த ஆங்கிலேயர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்தவர். மூசைக்குள் இரும்போடு உலர்ந்த ஆவாரங்கட்டையை இட்டு, எருக்கிலை முதலிய பச்சிலைகளால் மூடி, களிமண்ணால் வாயடைத்துச் சுடும் முறையை 1839இல் அவர் கட்டுரையாக எழுதினார். இங்கே ஆவாரங்கட்டையின் வேலை எரிபொருளாவது அன்று. இரும்புக்குள் கார்பனைப் புகுத்துவது. எவ்வளவு கட்டை, எத்தனை இலை என்று கைப்பழக்கமாக அறிந்திருந்த கொல்லர், கார்பன் என்ற சொல்லை அறியாமலே கார்பனை அளந்து இட்டவர்.

அதே ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் ஊதுலைகளை நிறுவினார். சேலத்துத் தாது படகேறி காவிரி, கொள்ளிடம் வழியே கடற்கரைக்கு வந்தது. நிலக்கரி அருகில் இல்லை. ஆலை முழுதும் மரக்கரியை நம்பியிருந்தது. அரசு அவருக்குக் கடனும், குறிப்பிட்ட மாவட்டங்களின் புறம்போக்கு நிலங்களில் விறகு வெட்டும் உரிமையும் வழங்கியது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி உருவாகி, பேப்பூர், காவிரிக்கரைப் பூலாம்பட்டி எனத் தொழில் விரிந்தது. 1860களில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன. மூலதனச் சிக்கல், நிர்வாகக் குறை, பிரிட்டிஷ் இரும்பின் போட்டி எனக் காரணங்கள் பல. சுற்றுவட்டாரத்துக் காடுகள் தொலைவாகிக்கொண்டே போனதும், கரியின் விலை ஏறிக்கொண்டே வந்ததும் அவற்றுள் முதன்மையானவை.

பரங்கிப்பேட்டையின் புகைபோக்கியை இன்றைய விதிகளால் அளந்தால் வியப்பான விடை கிடைக்கும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டரசுக் குழுவின் கணக்கீட்டு நெறிகளின்படி, மரக்கரி எரிந்து வெளியாகும் கார்பன் டையாக்சைடு தொழிற்சாலைக் கணக்கின் கூட்டுத்தொகையில் சேராது; அது காடு, நிலப்பயன்பாடு என்னும் வேறு ஏட்டில் எழுதப்பட வேண்டும். மரம் மீண்டும் வளர்ந்தால் வரவும் செலவும் நேராகும் என்பது அதன் தருக்கம். ஆகவே பரங்கிப்பேட்டை ஆலை தன்னளவில் ஏறத்தாழத் தூய ஆலையாகக் காட்சி தரும். இழப்பு சேலத்துக் குன்றுகளின் ஏட்டில் இருக்கும். இரண்டு ஏடுகளையும் ஒருசேர விரிப்பவருக்கே உண்மை தெரியும். எல்லைக்கோட்டுச் சிக்கல் இங்கேயே, 1830களிலேயே, தொடங்கிவிடுகிறது.

*

இரண்டாம் அலகு கருமை. பாரிசைச் சேர்ந்த பொறியியலாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மன் 1888இல் ஓர் எளிய அட்டையை வகுத்தார். வெள்ளைத் தாளில் கருங்கோடுகளைப் படிப்படியாகத் தடித்த கட்டங்களாக வரைந்து, தொலைவில் நின்று பார்த்தால் வெவ்வேறு சாம்பல் நிறங்களாகத் தோன்றச் செய்தார். வெள்ளைக்குச் சுழியம், முழுக்கருமைக்கு 5. புகைபோக்கியிலிருந்து வரும் புகையை அட்டையோடு ஒப்பிட்டு எண் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1905இன் வங்காளப் புகைத்தொல்லைச் சட்டம் கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்கும் வந்தபோது, புகை ஆய்வாளரின் கண்ணும் இவ்வட்டையுமே அளவுகோலாயின. பம்பாய்க்கு 1912இல் இதே வகைச் சட்டம் வந்தது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை முதல் உருக்கை வார்த்ததும் அதே 1912இல்தான்.

இந்த அலகின் இயல்பு அதன் பெயரிலேயே இருக்கிறது: தொல்லை. நகரத்தார் கண்ணை உறுத்தும் புகை குற்றம். உறுத்தாத வாயு குற்றமன்று. முழுமையாக எரியாத நிலக்கரியே கரும்புகை விடும் என்பதால், கரும்புகை என்பது வீணான எரிபொருளும் ஆகும். முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் நலன் ஒன்றுபட்ட இடத்தில் சட்டம் ஓரளவு வேலை செய்தது. முழுமையாக எரிந்த நிலக்கரி கூடுதல் கார்பன் டையாக்சைடைத் தரும் என்பது அன்றைய கணக்கில் இல்லை. ஆனால் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் 1896லேயே, வளிமண்டலத்தில் அந்த வாயு கூடினால் புவியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டுவிட்டார். இரண்டு அறிவுகளும் ஒரே காலத்தில் இருந்தன, ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

*

மூன்றாம் அலகு டன். இன்று ஓர் உருக்காலையின் காற்று மாசும் கரிம உமிழ்வும் இரு வேறு முறைகளால் அளக்கப்படுகின்றன. புகைபோக்கியின் பக்கத்துளை வழியே ஒரு குழாயைச் செருகி, வாயுவை உறிஞ்சி, வடிதாளில் படியும் தூசியை எடைபோடுவது பழைய நம்பகமான முறை. உறிஞ்சும் வேகம் புகைபோக்கிக்குள் வாயு ஓடும் வேகத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் பருந்துகள்கள் கூடுதலாகச் சேரும், மிகுந்தால் அவை தப்பிவிடும். 1981இன் காற்றுச் சட்டத்துக்குப் பின் இவ்வளவீடுகள் கட்டாயமாயின. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஒருங்கிணைந்த உருக்காலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் இடைவிடாத இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று ஆணையிட்டது. ஆனால் உருக்காலையின் தூசி முழுதும் புகைபோக்கி வழியே போவதில்லை. கூரை இடுக்குகள், தாதுக் குவியல்கள், கோக் அடுப்புக் கதவுகள் எனச் சிதறிப்போகும் பகுதியை அளப்பது கடினம். கோக் அடுப்பில் கசியும் கதவுகளை இன்றும் மனிதர் கண்ணால் பார்த்தே எண்ணுகின்றனர். ரிங்கல்மன் முழுதும் ஓய்வு பெறவில்லை.

கார்பன் டையாக்சைடு பெரும்பாலும் புகைபோக்கியில் அளக்கப்படுவதில்லை; ஏட்டில் கணக்கிடப்படுகிறது. ஆலைக்குள் நுழைந்த கார்பனிலிருந்து, உருக்கு, தார், விற்ற வாயு என்று வெளியேறிய கார்பனைக் கழித்து, மீதியை 44/12ஆல் பெருக்க வேண்டும். ஒரு டன் கோக்கில் 0.85 டன் கார்பன் இருந்தால், அது முழுதும் எரியும்போது ஏறத்தாழ 3.1 டன் கார்பன் டையாக்சைடு. முறை எளிது; சிக்கல் ‘ஆலைக்குள்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஊதுலையின் மேல்வாயில் வெளிவரும் வாயுவில் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு நிறைய உண்டு. அதை அடுத்த வளாகத்து மின்நிலையம் வாங்கி எரித்தால், அந்த உமிழ்வு யாருடையது? கோக்கை வெளிநாட்டில் சுட்டு இறக்குமதி செய்தால், அந்தப் புகை யாருடையது? வேலியைச் சற்று நகர்த்தினால் ஒரே உருக்குக்கு வேறு எண் கிடைக்கும். இதனால்தான் உருக்கின் கரிம எண்ணைக் கேட்கும்போது, எல்லை எது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

*

இனி வங்கக்கடலைக் கடப்போம். பரங்கிப்பேட்டையிலிருந்து நேர் கிழக்கே, ஏறத்தாழ அதே அகலாங்கில், 1,400 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் பிளேர் இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். கனரகத் தொழில் எதுவும் இல்லாத இடம் என்பதே அளவீட்டாளருக்கு அதன் பெருமை. அருகில் புகை இல்லாத தீவில்தான் தொலைவின் புகை தெளிவாகப் புலப்படும். 1958இல் சார்லஸ் கீலிங் கார்பன் டையாக்சைடைத் தொடர்ந்து அளக்கத் தேர்ந்ததும் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையையே. அன்று பத்து லட்சத்தில் 313 பங்கை ஒட்டியிருந்த அளவு, 2013 மே மாதத்தில் அங்கே முதன்முறையாக ஒரு நாள் சராசரியாக 400ஐத் தொட்டது.

போர்ட் பிளேரின் அளவீடு வேறு வகை. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயற்பியல் ஆய்வகத்தார் வழிநடத்தும் காற்றுத்துகள் கண்காணிப்பு வலையில் அதுவும் ஒரு நிலையம். வடிநாடாவின் மீது காற்றைச் செலுத்தி, நாடா எவ்வளவு கறுக்கிறது என்பதை ஒளியால் அளந்து நுண்கரியின் செறிவைக் கணிக்கும் கருவிகள் அங்கே இயங்கின. 2006இல் கிருஷ்ண மூர்த்தியும் சுரேஷ் பாபுவும் வெளியிட்ட ஆய்வு, இத்தீவின் கரித்துகளில் பருவந்தோறும் ஏற்படும் ஏற்ற இறக்கத்தையும், தொலைநிலங்களிலிருந்து அது வந்து சேரும் வழிகளையும் காட்டியது. கடலிலிருந்து காற்று வீசும் தென்மேற்குப் பருவத்தில் அளவு தாழ்கிறது. நிலத்திலிருந்து காற்று வீசும் பனிக்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் தென்கிழக்காசியாவின் புகையும் இங்கே வந்து சேர்கின்றன. அந்தக் கரியில் வீட்டடுப்பும் வயல்தீயும் வாகனமும் ஆலையும் கலந்திருக்கின்றன. உருக்காலையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று நாடா தனியே சொல்லாது. ஆனால் உமிழாத ஓர் இடத்தின் காற்றில் உமிழ்ந்தவரின் கரி இருக்கிறது என்று அது சொல்லும். சாட்சி என்ற பழம்பொருள் இங்கே முழுதும் பொருந்துகிறது.

*

புகை மட்டுமன்று, இரும்பும் இத்தீவுகளுக்குக் கடல்வழியே வந்ததே. அந்தமான் பழங்குடியினர் தாதுவை உருக்கியவர் அல்லர். பாறையில் மோதி உடைந்த கப்பல்களின் இரும்பைப் பொறுக்கிவந்து அம்புமுனையும் கைக்கோடரியும் செய்தனர். போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த ஈ.எச். மேன் 1880களிலும், 1906–08இல் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரௌன் பின்னரும் இதை விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். அவர்கள் இரும்பைக் காய்ச்சி அடிக்கவில்லை. குளிர்ந்த இரும்பை உடைத்து, தட்டி, கல்லில் தேய்த்துக் கூராக்கினர். முன்பு சிப்பியையும் எலும்பையும் கையாண்ட விதமே இரும்புக்கும் தொடர்ந்தது. வட சென்டினல் தீவின் பவளப்பாறையில் 1981 ஆகஸ்டில் ‘பிரிம்ரோஸ்’ என்னும் சரக்குக் கப்பல் தரைதட்டியது. அதன் இரும்பு அத்தீவினரின் கருவிகளுக்குப் பயன்பட்டது.

இதைப் பழங்குடிப் பசுமை என்று புகழ்வது என் நோக்கம் அன்று. வேறொரு செய்தி இதில் இருக்கிறது. அந்த அம்புமுனையின் கரிமக் கணக்கு என்ன? தீவில் சுழியம். ஆனால் அவ்விரும்பு ஏதோ ஒரு நாட்டின் உலையில் உருகியபோது வெளியான கார்பன் டையாக்சைடு இன்றும் வளிமண்டலத்தில் ஓரளவு இருக்கும். இன்றைய வாழ்நாள் மதிப்பீட்டு முறைகளில் ஒன்று, பழைய இரும்பு மறுசுழற்சிக்குள் நுழையும்போது அதன் முற்பிறவிச் சுமையைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறது. நம் ஊர்க் காயலான் கடையிலிருந்து மின்வில் உலைக்குப் போகும் இரும்புக்கும் அதே விதி. சென்டினல் அம்புமுனையும் மின்வில் உலைக் கம்பியும் ஒரே கணக்கியல் நெறியால் தூய்மை பெறுகின்றன.

குடியேற்ற ஆட்சியோடு வந்த இரும்பு வேறு முகம் உடையது. 1858இல் கைதிகளின் கால்விலங்காக வந்தது. 1896 முதல் 1906வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையின் கம்பிக்கதவாக நின்றது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் தகரமாக வந்தது. நிக்கோபாரியரின் வட்டக் கூரைக் குடில்கள் அழிந்த இடங்களில் தகரத் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. வெயிலில் கொதிக்கும் அவ்வீடுகளைப் பற்றிய குறைகள் பல ஆண்டுகள் ஒலித்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராக வாழ்ந்த கச்சால் தீவும் பேரழிவுக்கு உள்ளான ஒன்று. ஓலையும் மரமும் கொண்டு அங்கேயே எழுந்துவந்த வீடு, முதன்முறையாகப் பெருநிலத்து உலைகளின் பொருளைச் சார்ந்து நின்றது. அந்தத் தகரத்தின் கரிமச் சுமை தீவுகளின் பெயரில் எங்கும் எழுதப்படவில்லை. உமிழ்வு நடந்த இடத்திலேயே எழுதுவது என்பது நாடுகளின் கணக்கு மரபு.

*

இந்த மரபுக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. இந்தியாவில் ஒரு டன் உருக்குக்குச் சராசரியாக 2.54 டன் கார்பன் டையாக்சைடு என்பது உருக்கு அமைச்சகத்தின் கணக்கு. உலகச் சராசரி 1.9 டன்னை ஒட்டியது. 2024 டிசம்பரில் அமைச்சகம் பசுமை உருக்குக்கான வகைப்பாட்டை வெளியிட்டது. ஒரு டன் முடிவுற்ற உருக்குக்கு 2.2 டன்னுக்குக் குறைவாக உமிழ்ந்தால் அது பசுமை உருக்கு, 1.6 டன்னுக்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். இரண்டாம்நிலை உருக்குத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் அளவீட்டைச் சரிபார்த்துச் சான்று வழங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரிக்காக 2023 அக்டோபரில் அறிக்கையிடல் தொடங்கியது. அந்த அழுத்தம் நம் ஆலைகளை எண்ணத் தூண்டியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இவ்வகைப்பாடு வரவேற்கத்தக்கது. ஏனெனில் எல்லையை அது வெளிப்படையாகச் சொல்கிறது. கோக் தயாரிப்பும், வாங்கிய இடுபொருள்களில் உறைந்துள்ள உமிழ்வும் கணக்கில் சேரும். சுரங்கமும், ஆலையின் வேலிக்கு உள்ளும் புறமும் நடக்கும் போக்குவரத்தும் சேரா. பெருநிலத்தில் இந்த விடுபாடு சிறிதாக இருக்கலாம். இருப்புப்பாதையிலிருந்து கப்பலுக்கும், பெருங்கப்பலிலிருந்து சிறுகப்பலுக்கும் மாறிச் செல்லும் தீவுக் கம்பிக்கு அது அவ்வளவு சிறிது அன்று.

பெரிய நிக்கோபார்த் திட்டத்தை இங்கே வைத்துப் பாருங்கள். பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட இத்திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 130.75 சதுர கிலோமீட்டர் காடு மாற்றுப் பயன்பாட்டுக்குப் போகிறது. 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படலாம் என்பது நாடாளுமன்றத்தில் அரசு தந்த மதிப்பீடு. ஈடுசெய் காடு வளர்க்க முதலில் குறிக்கப்பட்ட இடம் ஹரியானா. தீவில் தாதுவும் இல்லை, உலையும் இல்லை. துறைமுகத்துக்கும் ஓடுதளத்துக்கும் வேண்டிய உருக்கு முழுதும் கடல்வழியே வர வேண்டும். அதில் ஆயிரம் டன் கம்பி இறங்கினால், இந்தியச் சராசரியின்படி 2,540 டன் கார்பன் டையாக்சைடு ஏற்கெனவே எங்கோ வெளியாகியிருக்கும். அந்த ஆலையின் தூசி அந்த ஆலையூரின் குழந்தைகளுக்கு, வாயு எல்லாருக்கும், கணக்கு அந்த ஆலை நிற்கும் மாநிலத்துக்கு.

ஆக, ஒரே கட்டுமானத்தின் கார்பன் மூன்று ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது. வெட்டப்படும் மரம் நிக்கோபாரின் ஏட்டில். நடப்படும் மரம் வட இந்தியாவின் ஏட்டில். உருக்கின் புகை தாதுநிலத்தின் ஏட்டில். பரங்கிப்பேட்டையில் இரண்டாகப் பிரிந்து கிடந்த ஏடு இப்போது மூன்றாகியிருக்கிறது. அங்கே வாழும் ஷோம்பென், நிக்கோபாரியர் ஆகியோரின் நிலவுரிமையும் வாழ்வும் எந்தக் கரிம அலகிலும் அடங்காதவை. அந்த வழக்கை எண்களால் தீர்க்க முடியாது. ஆனால் எண்ணையும் முன்வைத்தே திட்டங்கள் வாதிடப்படும்போது, அந்த எண் முழுமையானதா என்று கேட்கும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.

நம்மால் இயன்ற பணிகள் மூன்று. பரங்கிப்பேட்டை ஆலையின் கரி, விறகு, தாதுக் கணக்குகளைப் பொருளாதார வரலாறாக மட்டும் வாசிக்காமல் கரிம வரலாறாகவும் வாசிப்பது முதற்பணி. வருவாய் வாரிய ஆவணங்களை நன்கறிந்த வரலாற்று மாணவரும் வேதியியல் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்கது. தீவுகளில் இறங்கும் உருக்கின் எடையைத் துறைமுகச் சரக்குப் பதிவுகளிலிருந்து ஆண்டுவாரியாகத் தொகுத்து, நுகர்வின் அடிப்படையில் ஓர் உமிழ்வுக் கணக்கு எழுதுவது இரண்டாம் பணி. மூன்றாவது மொழிப்பணி. காற்று மாசு, கரிம உமிழ்வு, நுண்கரி ஆகிய மூன்றையும் பாடநூலிலும் செய்தியிலும் வேறுபடுத்தி வழங்க வேண்டும். ஆலையருகே இருமுகிறவருக்கும் கடல் உயரும் தீவில் வாழ்கிறவருக்கும் நேரும் தீங்கு ஒன்றன்று.

இவற்றுள் இரண்டாவது, ஒரு முதுகலை மாணவர் ஓராண்டில் செய்துமுடிக்கக்கூடியது. பெரிய நிக்கோபாரில் கட்டுமானக் கம்பி பெருமளவில் இறங்கத் தொடங்கும் முன்பே அக்கணக்கின் முதல் பக்கம் எழுதப்பட்டிருந்தால், பின்னால் வருவோர் மூன்று ஏடுகளையும் சேர்த்து வாசிக்க ஓர் இடமாவது இருக்கும்.